பதிவு தொலையாமல் ஃபீட் அனுப்புவது எப்படி: நியூஸ் சர்வர் நடத்தப் புதிதாக வந்தவர்களுக்கு

நியூஸ் சர்வரை நிறுவியாயிற்று. படிக்கும் நிரலில் உள்ளே நுழைய முடிகிறது, சோதனைப் பதிவு போட்டால் உடனே கண்ணில் படுகிறது. ஆனால் அந்தப் பதிவு உங்கள் கணினியைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை. யூஸ்நெட்டில், அதாவது இந்த நியூஸ் சர்வர்கள் சேர்ந்து நடத்தும் கலந்துரையாடல் குழுக்களின் வலையமைப்பில், நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் பரிமாறும் மையச் சர்வர் எதுவும் கிடையாது. 1979-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் இதை யோசித்தபோதே, ஒவ்வொரு கணினியும் தனக்கு வந்ததைப் பக்கத்துக் கணினிக்குக் கொடுக்கும் ஏற்பாடாகத்தான் யோசித்தார்கள். இன்றும் அப்படித்தான். பக்கத்துச் சர்வருக்குப் பதிவுகளை இடைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை, அதாவது ஃபீடை, எப்படி அமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இங்கே சொல்வது எல்லாம் ஐஎன்என் சர்வரை வைத்து. 1990-களின் தொடக்கத்தில் ரிச் சால்ஸ் எழுதி, இன்றும் பராமரிப்பில் இருக்கும் மென்பொருள் அது. வேறு சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கோப்புப் பெயர்கள் மாறும். கம்பியில் ஓடும் பேச்சு மாறாது.

அமைப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வர் ஒரு பதிவை ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து, எதிர்முனை "வந்து சேர்ந்தது" என்று எண்ணால் பதில் சொல்லும் நொடி வரை, அந்தப் பதிவின் பெயர் எங்காவது எழுதப்பட்டு இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எந்த நேரத்திலும் உங்களால் விரல் நீட்டிக் காட்ட முடிந்தால் உங்கள் ஃபீட் நம்பகமானது. வேகம், இணைப்பு எண்ணிக்கை எல்லாம் அப்புறம்.

கம்பியில் என்ன பேசுகிறார்கள்

1986-ல் வெளியான ஆர்எஃப்சி 977 என்ற ஆவணம்தான் நியூஸ் சர்வர்கள் பேசிக்கொள்ளும் என்என்டிபி நெறிமுறையின் முதல் வடிவம். அதில் சர்வருக்குச் சர்வர் பதிவு தர ஒரே கட்டளைதான்: ஐஹேவ். "இந்த மெசேஜ்-ஐடி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்போம். மெசேஜ்-ஐடி என்பது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளம். 335 வந்தால் வேண்டும், 435 வந்தால் வேண்டாம். வேண்டும் என்றால் பதிவை அனுப்பி, 235 வரும்வரை காத்திருப்போம். அதன் பிறகுதான் அடுத்த பதிவைப் பற்றிப் பேசவே முடியும்.

இதில் என்ன சிக்கல் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். இரண்டு சர்வர்களுக்கும் இடையே ஒரு செய்தி போய்த் திரும்ப 200 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு பதிவுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும், 0.4 நொடி. அப்படியானால் நொடிக்கு இரண்டரைப் பதிவு, நாளுக்கு அதிகபட்சம் 2,16,000. உங்கள் இணைப்பு எவ்வளவு அகலமானதாக இருந்தாலும் இந்த எண் உயராது. நேரம் முழுவதும் காத்திருப்பதிலேயே கழிகிறது.

ஸ்ட்ரீமிங் இந்தக் காத்திருப்பைத்தான் ஒழிக்கிறது. 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4644 இதை முறையாக வரையறுத்தது. நடைமுறையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. இணைந்ததும் மோட் ஸ்ட்ரீம் என்போம், எதிர்முனை 203 என்று ஒத்துக்கொள்ளும். பிறகு செக் கட்டளையால் பத்து, ஐம்பது, நூறு மெசேஜ்-ஐடிகளைப் பதிலுக்குக் காத்திராமல் வரிசையாகத் தள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் வரும்: 238 என்றால் அனுப்பு, 438 என்றால் வேண்டாம், 431 என்றால் கொஞ்சம் பொறுத்துக் கேள். 238 கிடைத்தவற்றை டேக்திஸ் கட்டளையோடு பதிவின் உள்ளடக்கத்தையும் சேர்த்து அனுப்புவோம். 239 வந்தால் சேர்ந்துவிட்டது, 439 வந்தால் மறுத்துவிட்டது. ஒவ்வொரு பதிலிலும் மெசேஜ்-ஐடி இருப்பதால் எது எதற்கான பதில் என்ற குழப்பம் வராது.

நம்பகத்தன்மை இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டேக்திஸ் அனுப்பிவிட்டீர்கள், பைட்டுகள் எல்லாம் டிசிபி வழியாகப் போய்விட்டன, ஆனால் 239 வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பதிவு சேர்ந்ததா? தெரியாது. சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும். உண்மையில் சேர்ந்திருந்தால் எதிர்முனை 438 சொல்லிவிடும், அவ்வளவுதான். மெசேஜ்-ஐடிகளை ஹிஸ்டரி கோப்பில் குறித்து வைப்பதால், ஒரே பதிவை இரண்டு முறை கொடுப்பதில் யாருக்கும் கேடில்லை. ஒரு முறைகூடக் கொடுக்காமல் விடுவதுதான் கேடு. நல்ல ஃபீட் மென்பொருள் சந்தேகம் வந்தால் மறுபடி கேட்கும். மோசமானது சந்தேகம் வந்தால் மறந்துவிடும்.

இன்னொன்று. 439 என்பது நிரந்தர மறுப்பு. எதிர்முனையில் வட்டு நிரம்பியது போன்ற தற்காலிகக் கோளாறு என்றால், டேக்திஸுக்கு அது 400 சொல்லி இணைப்பை மூட வேண்டும் என்பதே விதி. 400 வந்த இணைப்பில் பதில் வராமல் தொங்கிக்கொண்டிருந்த எல்லாப் பதிவுகளும் மறுபடி வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

எந்த மென்பொருள்

ஐஎன்என் தொகுப்போடு இரண்டு வழிகள் வருகின்றன. என்என்டிபிசென்ட் என்பது கிரானில் (குறித்த நேரங்களில் நிரல்களை இயக்கும் ஏற்பாடு) ஓடும் ஷெல் நிரல். காத்திருக்கும் பட்டியலை எடுத்து ஐஎன்என்எக்ஸ்மிட் என்ற அனுப்பும் நிரலிடம் கொடுத்து மொத்தமாக அனுப்பச் சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்றால் இதில் தவறே இல்லை. புரிந்துகொள்ளவும் எளிது.

இன்ஃபீட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். சர்வர் ஒரு பதிவை ஏற்றதும் அதன் அடையாளத்தைக் குழாய் வழியாக இன்ஃபீடுக்குச் சொல்லும். அது உடனே எதிர்முனைகளுக்கு ஸ்ட்ரீம் செய்யும். ஒரே நிரல் எத்தனை எதிர்முனைகளையும் கவனிக்கும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், புதியவர்களும் இதிலேயே தொடங்கலாம்.

மூன்றாவது இன்டக்ட். டெபியன் லினக்ஸ் உலகில் டிபிகேஜி என்ற நிறுவல் நிரலை எழுதியவராக அறியப்படும் இயன் ஜாக்சன் எழுதியது. இதைத் தனியாக எடுத்து நிறுவ வேண்டும். இதன் போக்கு வேறு: சர்வர் குழாயில் பேசாமல் சாதாரணக் கோப்பில் எழுதும், இன்டக்ட் அந்தக் கோப்பைத் தொடர்ந்து படித்து ஸ்ட்ரீம் செய்யும். ஒவ்வொரு எதிர்முனைக்கும் ஒரு இன்டக்ட் ஓட வேண்டும். கோப்பில் உள்ளவை எல்லாவற்றுக்கும் பதில் வந்து முடியும்வரை கோப்பு வட்டில்தான் இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், இன்டக்டின் அணுகுமுறைதான் மனதுக்கு நிம்மதி. இன்ஃபீடைக் கண்ணியமாக நிறுத்தினால் நினைவகத்தில் உள்ளதை எல்லாம் பேக்லாக் கோப்பில் (இன்னும் போகாமல் தேங்கியவற்றின் பட்டியல்) எழுதிவிட்டுப் போகும். ஆனால் கில் மைனஸ் 9 போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தினாலோ மின்சாரம் போனாலோ, நினைவகத்திலும் குழாயிலும் இருந்தவை எவை என்று யாருக்கும் தெரியாது. கோப்பை நம்பியிருக்கும் நிரலுக்கு இந்த இழப்பு மிகவும் குறைவு. அதற்காக இன்ஃபீடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பலவீனம் எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள் என்கிறேன். கீழே உள்ள படிகள் இன்ஃபீடுக்கானவை. இன்டக்டுக்கு எங்கே மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: எதிர்முனையோடு பேசிக்கொள்வது

கான்ஃபிக் கோப்பைத் தொடுவதற்கு முன் மறுபக்கத்து நிர்வாகியோடு சில விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். ஃபீட் தர யாரும் இல்லையென்றால் நியூஸ்.அட்மின்.பியரிங் குழுவில் கேட்கலாம். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு யூஸ்நெட் இணைப்பை விட்டுவிட்டது. இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் சர்வர் நடத்துபவர்கள், கேட்டால் உதவுவார்கள்.

பேச வேண்டியவை: இரு பக்கத்துப் பாத் பெயர் (பதிவு கடந்து வந்த சர்வர்களைப் பட்டியலிடும் பாத் தலைப்பில் ஒரு சர்வருக்கு வரும் பெயர்), இணைப்பு எந்த முகவரியிலிருந்து வரும், எந்த முகவரிக்குப் போகும் (இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை), போர்ட் வழக்கமான 119-தானா, எந்தக் குழுக்கள், ஒரு பதிவின் அதிகபட்ச அளவு, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு, கோளாறு வந்தால் யாருக்கு எழுதுவது. ஐபிவி6 முகவரியை மறக்காதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில்.

இங்கே நம் சர்வருக்கு வடக்கு என்றும் எதிர்முனைக்குத் தெற்கு என்றும் பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: நியூஸ்ஃபீட்ஸ் கோப்பு

எந்தப் பதிவு யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கோப்பு இது. ஒவ்வொரு பதிவேடும் முக்காற்புள்ளியால் பிரிந்த நான்கு பகுதி: பெயர், குழுக்கள், கொடிகள், கடைசியாக ஒரு அளவுரு.

முதலில் இன்ஃபீடுக்கே ஒரு பதிவேடு வேண்டும். பெயர் இன்ஃபீட், அதன் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி. பாத் தலைப்பில் பெயர்களைப் பிரிப்பதே அந்தக் குறிதான். ஆகவே அந்தப் பெயரில் உண்மையான சர்வர் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. குழுக்களின் இடத்தில் "!*", அதாவது எதுவும் நேரடியாக வேண்டாம். கொடிகள் "டிசி" (சேனல்) மற்றும் "டபிள்யூஎன்எம்*". கடைசிப் பகுதியில் இன்ஃபீட் நிரலின் பெயர். ஐஎன்என் தரும் மாதிரிக் கோப்பில் இந்த வரி ஏற்கெனவே இருக்கும். முன்னால் உள்ள கருத்துக்குறியை எடுத்தாலே போதும்.

அடுத்து தெற்குக்கான பதிவேடு. கொடி "டிஎம்", அளவுரு அந்த இன்ஃபீட் பதிவேட்டின் பெயர். தெற்குக்குப் போக வேண்டியவை எல்லாம் இன்ஃபீட் குழாயில் போய் விழும் என்று பொருள். "தெற்கு" என்ற இந்தப் பெயர் எதிர்முனையின் பாத் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு பதிவின் பாத் தலைப்பில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் சர்வர் அதைத் தெற்குக்குக் கொடுக்காது. அங்கிருந்து வந்ததை அங்கேயே திருப்பி அனுப்புவதில் என்ன பயன்? பெயர் வேறாக இருந்தால், சாய்கோடு போட்டு அதன் பின்னால் உண்மையான பாத் பெயரைச் சேருங்கள்.

குழுக்களின் பகுதியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சர்வர் இடமிருந்து வலம் படிக்கும், கடைசியாகப் பொருந்தும் சொல்லே வெல்லும். "!*,கம்ப்.*,!கம்ப்.டெஸ்ட்" என்றால் கம்ப் மரத்தில் டெஸ்ட் குழுவைத் தவிர மற்ற எல்லாம். வரிசையை மாற்றி "!*"-ஐக் கடைசியில் போட்டால் ஒன்றுமே போகாது, பிழைச் செய்தியும் வராது. இன்னொரு குறி "@". ஆச்சரியக்குறியும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இல்லை. "!ஆல்ட்.பைனரிஸ்.*" என்றால் அந்தக் குழுக்களை நான் கேட்கவில்லை என்று மட்டும் பொருள், ஒரு பதிவு அங்கேயும் கம்ப் குழுவிலும் சேர்த்துப் போடப்பட்டிருந்தால் கம்ப் வழியாகப் போய்விடும். "@ஆல்ட்.பைனரிஸ்.*" என்றால் அந்தப் பதிவு வேறு எந்தக் குழுவில் இருந்தாலும் போகாது. எழுத்து மட்டும் உள்ள ஃபீடுக்கு "@" வேண்டும். அதோடு கொடிகளில் சிறுகுறி "<" போட்டு பைட் அளவும் எழுதிவிடுங்கள். எதிர்முனை எப்படியும் மறுக்கப்போகும் பெரிய பதிவுகளை வீணாகச் சுமக்க வேண்டாம். உள்ளூர்க் குழுக்கள், ஜங்க் (தெரியாத குழுக்களுக்கான பதிவுகள் போய் விழும் குழு) ஆகியவற்றுக்கும் "!" போட மறக்காதீர்கள்.

சேமித்ததும் சிடிஎல்ஐஎன்என்டி செக்ஃபைல் கட்டளையால் இலக்கணம் சரியா என்று பாருங்கள். சரி என்றால் சிடிஎல்ஐஎன்என்டி ரீலோட் நியூஸ்ஃபீட்ஸ், கடைசியில் மேற்கோளுக்குள் ஒரு காரணம். காரணம் கட்டாயம், பின்னாளில் லாக் படிக்கும்போது அதன் அருமை தெரியும்.

மூன்றாம் படி: இன்ஃபீட் கான்ஃபிக், எதிர்முனையின் கதவு

இன்ஃபீடின் கான்ஃபிக் கோப்பில் தெற்குக்கு ஒரு தொகுதி. நியூஸ்ஃபீட்ஸில் உள்ள பெயரையே இங்கும் வையுங்கள். பெயர் ஒட்டவில்லை என்றால் நீங்கள் எழுதிய அமைப்பு எதுவும் அந்த ஃபீடைத் தொடாது. ஐபி-நேம் என்ற இடத்தில் உண்மையான ஹோஸ்ட் பெயர். ஸ்ட்ரீமிங் உண்மை. மேக்ஸ்-கனெக்ஷன்ஸ் என்பதை, எழுத்து ஃபீட் என்றால் இரண்டு, மூன்றுக்கு மேல் ஏற்றத் தேவையில்லை. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு இணைப்புகளைக் கூட்டுவதால் கிடைக்கும் லாபம் குறைவு.

நோ-செக்-ஹை, நோ-செக்-லோ என்று இரண்டு எண்கள் இருக்கும். இயல்பாக 95, 90. நாம் கொடுப்பதில் 95 விழுக்காட்டுக்கு மேல் எதிர்முனை வாங்கிக்கொள்கிறது என்றால், செக் கேட்பதை விட்டுவிட்டு நேரே டேக்திஸ் அனுப்பத் தொடங்கும். 90-க்குக் கீழே இறங்கினால் மறுபடி செக். நல்ல ஏற்பாடு, கை வைக்காதீர்கள். பேக்லாக்-லிமிட் என்று ஒன்று கண்ணில் படும். பூஜ்யம் என்றால் வரம்பில்லை. வட்டில் இடம் இருக்கும்வரை பூஜ்யமாகவே விடுங்கள். வரம்பு வைத்தால் அதைத் தாண்டும்போது வரிசை வெட்டப்படும், வெட்டுப்பட்ட பதிவுகள் போனது போனதுதான்.

மறுபக்கத்தில் தெற்கின் நிர்வாகி இன்கமிங் கான்ஃப் கோப்பில் வடக்கின் ஹோஸ்ட் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தாரா என்று கையாலேயே சோதிக்கலாம். உங்கள் சர்வரிலிருந்து டெல்நெட் வைத்து அவர்களின் 119-க்குப் போங்கள். வரவேற்பு வரியைக் கவனியுங்கள். அவர்களும் ஐஎன்என் வைத்திருந்தால் "டிரான்சிட் மோட்" என்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் வாசகர்களை வரவேற்கும் வரி வந்தால், உங்களைச் சர்வராக அடையாளம் தெரியவில்லை. பெரும்பாலும் காரணம் இதுதான்: அவர் பட்டியலில் இருப்பது உங்கள் ஐபிவி4 முகவரி, உங்கள் கணினி புறப்பட்டது ஐபிவி6 வழியாக.

வரவேற்பு சரியென்றால் மோட் ஸ்ட்ரீம் தட்டுங்கள், 203 வரட்டும். செக் போட்டு, கோண அடைப்புக்குள் நீங்களே புனைந்த ஒரு மெசேஜ்-ஐடி கொடுங்கள், 238 வரும். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள ஒரு ஐடி கொடுங்கள், 438 வரும். பிறகு க்விட். 480 வந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறார்கள் என்று பொருள். அதை இன்ஃபீட் கான்ஃபிக்கிலேயே எழுத இடமுண்டு.

நான்காம் படி: ஒரே ஒரு பதிவைப் பின்தொடர்வது

ஃபீட் ஓடுகிறதா என்று மொத்தக் கணக்கைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரு பக்கமும் உள்ள ஒரு டெஸ்ட் குழுவில் ஒரு பதிவு போட்டு, அதன் மெசேஜ்-ஐடியைக் குறித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

முதல் இடம் நியூஸ் லாக். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. ஏற்றது என்றால் "+", மறுத்தது என்றால் "-". ஏற்ற வரியின் இறுதியில் அந்தப் பதிவு யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பெயர்கள் இருக்கும். அங்கே தெற்கு இல்லை என்றால் கோளாறு நியூஸ்ஃபீட்ஸில், இன்ஃபீடைத் திட்டிப் பயனில்லை. இருந்தால் அடுத்து இன்ஃபீடின் ஸ்டேட்டஸ் கோப்பு. அதில் தெற்குக்குரிய அக்செப்டட் எண் ஒன்று கூடியிருக்க வேண்டும். கடைசியாக, தெற்கின் நிர்வாகியை அவர் பக்கத்தில் கிரெப்ஹிஸ்டரி கட்டளையில் அந்த ஐடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே டோக்கன் (பதிவு சேமிக்கப்பட்ட இடத்தின் அடையாளம்) வந்தால் பயணம் முடிந்தது.

அன்றாடம் பார்க்க வேண்டிய எண்கள்

ரெஃப்யூஸ்டு என்பது 438. எதிர்முனைக்கு வேறு சர்வர்களும் ஃபீட் தருகிறார்கள் என்றால் இது அதிகமாகவே இருக்கும். கவலை வேண்டாம், உங்களுக்கு முன் யாரோ கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரிஜெக்டட் என்பது 439, அதைத்தான் கவனிக்க வேண்டும். பதிவை முழுதாக அனுப்பிய பிறகு மறுக்கிறார்கள்: அளவு பெரிது, குழு அவர்களிடம் இல்லை, ஸ்பேம் வடிகட்டி பிடித்தது, அல்லது தேதி பழையது. எண் கூடிக்கொண்டே போனால் குழுக்களின் பட்டியலை அவரோடு மறுபடி பேசிச் சரிசெய்யுங்கள். டெஃபர்டு என்பது 431. அதே பதிவை அதே நொடியில் வேறொருவரும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வருவது, தானாகத் தீரும். மிஸ்ஸிங் என்றால் அனுப்பப் போகும்போது நம் ஸ்பூலிலேயே (பதிவுகளைச் சேமித்து வைக்கும் இடம்) பதிவு இல்லை. கேன்சல் ஆகியிருக்கலாம், அல்லது வரிசையில் காத்திருந்தே காலாவதி ஆகியிருக்கலாம்.

இந்தக் கடைசி விஷயம் பேக்லாக்கோடு சேர்ந்தது. எதிர்முனை படுத்துவிட்டால் இன்ஃபீட் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும், போகாதவற்றைத் தன் ஸ்பூல் அடைவில் தெற்கின் பெயரிலேயே தொடங்கும் கோப்புகளில் எழுதி வைக்கும். அங்கே கோப்பு வளர்ந்தால் பதறாதீர்கள். அது பத்திரமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் காலக்கெடு உண்டு. ஐஎன்என் இயல்பாக 10 நாளுக்கு மேல் பழைய பதிவை ஏற்காது. ஆர்ட்கட்ஆஃப் என்ற அமைப்பு அது. ஆகவே எதிர்முனை இரண்டு வாரம் இல்லாமல் போய்த் திரும்பினால் முதல் சில நாட்களின் பதிவுகள் 439-ல் போய் முடியும். வெளியூர் போகிறேன், சர்வரை அணைக்கிறேன் என்று எதிர்முனை சொன்னால் இதை முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

இன்டக்டுக்கு மாறினால்

நியூஸ்ஃபீட்ஸில் தெற்கின் கொடி "டிஎஃப்,டபிள்யூஎன்எம்" ஆகும். இன்ஃபீட் பதிவேடு அதற்குத் தேவையில்லை. சர்வர் அவுட்கோயிங் அடைவில் தெற்கு என்ற பெயரில் கோப்பு எழுதத் தொடங்கும். இன்டக்டைக் கிரானில் சில நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுப் புதியது சத்தமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு விருப்பம் உண்டு. இதனால் செத்துப்போன நிரலைக் கண்காணித்து எழுப்பத் தனி ஏற்பாடு வேண்டாம். கோப்பை மாற்றி எழுதும்படி சர்வரிடம் சொல்லும் ஃப்ளஷ் வேலையையும் இன்டக்டே பார்த்துக்கொள்ளும். ஆகையால் அதே எதிர்முனைக்கு என்என்டிபிசென்டையும் சேர்த்து ஓட விடாதீர்கள். இரண்டும் ஒரே கோப்பில் கை வைக்கும்.

எதை நிறுவினாலும் முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். எதிர்முனையிடம் சொல்லிவிட்டு, ஃபயர்வாலில் அவர்கள் முகவரியைத் தடுத்துவிடுங்கள். டெஸ்ட் குழுவில் நாலைந்து பதிவு போடுங்கள். சர்வரையும் ஃபீட் நிரலையும் முறையாக நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பேக்லாக் கோப்பில் அந்த ஐடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பிறகு ஃபயர்வாலைத் திறந்துவிட்டு, அத்தனையும் 239 வாங்கும்வரை லாக்கில் எண்ணுங்கள். இன்ஃபீட் மறுமுயற்சி இடைவெளியை ஒரு மணி நேரம் வரை நீட்டக்கூடும் என்பதால் உடனே நகரவில்லை என்று அவசரப்பட வேண்டாம்.